யார் கையில் பிள்ளை: பாலாற்றுத் தோல் ஊர்களில் ஆள் விசாரிக்கும் வழக்கத்தின் வரலாறு

வேலூரிலிருந்து மேற்கே பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவும், அதைத் தாண்டி ஆம்பூரும் வாணியம்பாடியும், வடக்கே குடியாத்தமும் பேரணாம்பட்டும் ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. பாலாற்றுப் படுகையின் இந்த ஊர்கள் தோலாலும் பீடியாலும் தீப்பெட்டியாலும் அறியப்பட்டவை. கூலி வேலையில் தாயும் தந்தையும் பகல் முழுவதையும் கழிக்க நேர்ந்த இடங்களில் பிள்ளையை வேறொருவர் கையில் ஒப்படைப்பது தவிர்க்க முடியாத வழக்கமாயிற்று. அந்த வேறொருவர் காலத்துக்குக் காலம் பீடி முதலாளியாகவும், ஜட்கா வண்டிக்காரராகவும், ஷூ கம்பெனிக் காப்பகத்தின் ஆயாவாகவும், பள்ளி வேன் ஓட்டுநராகவும், விளையாட்டுப் பயிற்சியாளராகவும் இருந்திருக்கிறார். அப்படி ஒப்படைக்கப்படும் ஆள் எத்தகையவர், இதற்கு முன் எங்கே இருந்தார், பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொண்டவர் என்று விசாரித்தறியும் கடமை யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்லத் தொடங்கியது மிக அண்மையில்தான். அதுவரை அரசு வண்டியை விசாரித்தது, குதிரையை விசாரித்தது, ஒப்பந்தத்தை விசாரித்தது, சில வேளைகளில் பிறப்பைக்கூட விசாரித்தது. பிள்ளையின் அருகில் நிற்கும் ஆளை மட்டும் ஊரின் நம்பிக்கைக்கே விட்டுவைத்தது.

அந்த ஊர் நம்பிக்கைக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. தெரிந்த ஆள் ஒருவர் பொறுப்பேற்காமல் எவரையும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை என்பது கடைத்தெருவிலும் வீட்டு வேலையிலும் டேனரியிலும் ஒன்றுபோல் நிலவிய நடைமுறை. வந்தவர் எந்த ஊர், யார் மகன், எந்தத் தெருவில் பெண் எடுத்தவர், முன்பு யாரிடம் வேலை பார்த்தார் என்ற நான்கைந்து கேள்விகளில் விசாரணை முடிந்துவிடும். பின்னால் ஏதேனும் தவறு நேர்ந்தால் அவரைக் கொண்டுவந்து சேர்த்தவரே பதில் சொல்ல வேண்டும். திருட்டையும் கடன் ஏய்ப்பையும் தடுப்பதற்கு இந்த முறை பெருமளவு உதவியிருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்பு என்று வரும்போது இதன் பெரிய குறை வெளிப்படுகிறது: இந்த விசாரணை ஒருவரின் மதிப்பை அளந்ததே தவிர, பூட்டிய அறைக்குள் ஒரு சிறுவனிடமோ சிறுமியிடமோ அவர் நடந்துகொண்ட விதத்தை அளக்க அதற்கு வழியில்லை. தெரிந்த மனிதர் மீது பிள்ளை ஒன்று புகார் சொன்னால், பொறுப்பேற்றவரின் மானமும் குடும்பத்தின் மானமும் ஒன்றுசேர்ந்து அப்புகாரை அமுக்கின; அந்த ஆள் அடுத்த ஊருக்குப் போனால் அவரைப் பற்றிய செய்தி கூடவே போகவில்லை.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டு, பின்னர் அது பாலாற்றை ஒட்டி மேற்கே நீண்டபோது, நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே ஆளேற்றிச் செல்லும் தொழில் வளர்ந்தது. ஜட்கா என்பது ஒற்றைக் குதிரை பூட்டிய, இரு சக்கரங்களுடைய, வளைந்த கூரையிட்ட சிறு வண்டி. அதன் தளத்தில் புல்லைப் பரப்பி மேலே சாக்கோ ஜமுக்காளமோ விரித்திருப்பார்கள். ஏறியவர்கள் காலை மடக்கி நெருக்கி உட்கார வேண்டும். இரு சக்கர வண்டியாதலால் எடை பின்னுக்குச் சாய்ந்தால் ஏர்க்கால்கள் மேலே தூக்கி குதிரையின் வயிற்றுவார் இறுகும். முன்னுக்குச் சாய்ந்தால் அதன் முதுகில் பாரம் விழும். ஆகவே முன்னே தள்ளி உட்காரும்படியும் பின்னே நகரும்படியும் வண்டிக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஊர்ப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வண்டிகளில் இந்தச் சமநிலை பிள்ளைகளை அடுக்கும் முறையாகவே ஆகிவிட்டது: சிறியவர்கள் முன்னால், வண்டிக்காரரை ஒட்டி, பெரியவர்கள் பின்னால், கம்பியைப் பிடித்தபடி. பிள்ளையின் உடல் மீது அன்றாடம் கைபட்டுத் தூக்கி ஏற்றி இறக்கும் உரிமை பெற்றிருந்த முதல் வெளியாள், பல குடும்பங்களுக்கு இந்த வண்டிக்காரரே ஆவார்.

சென்னை நகரில் இத்தொழிலை முறைப்படுத்த 1911-ஆம் ஆண்டின் ஹாக்னி வண்டிச் சட்டம் வந்தது. வாடகைக்கு ஓடும் குதிரை வண்டிக்கும் அதை ஓட்டுபவருக்கும் உரிமம் பெறும் ஏற்பாட்டை அது செய்தது. குதிரை நொண்டுகிறதா, சேணம் புண்படுத்துகிறதா, சக்கரம் உறுதியா, விளக்கு எரிகிறதா, கேட்ட வாடகை சரியா என்ற கேள்விகளே அக்கால உரிம முறைகளின் உயிர்நாடி. அவை வேண்டிய கேள்விகள்தாம். பயணிகளில் சிறு பிள்ளைகள் இருப்பார்கள் என்பதோ, அவர்களுக்கென்று ஓட்டுநரிடம் தனித் தகுதி எதிர்பார்க்கப்பட வேண்டும் என்பதோ அக்காலத்துச் சிந்தனைக்குள் வரவில்லை.

இவ்விடத்தில் ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. வண்டி இழுக்கும் விலங்கை வதைப்பதைக் குற்றமாக்கிய மிருகவதைத் தடுப்புச் சட்டம் இந்தியாவில் 1890-இல் இயற்றப்பட்டது. சிறுவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றுவதில் இந்திய மாகாணங்களில் முந்திக்கொண்ட சென்னை, தன் சிறுவர் சட்டத்தை 1920-இல்தான் நிறைவேற்றியது. குதிரைக்கும் குழந்தைக்கும் இடையே முப்பது ஆண்டுகள். இந்த வரிசைமுறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க்கில் 1866-இல் வண்டிக் குதிரைகள் படும் துன்பத்தைக் கண்டு மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க் என்பவரிடம்தான், வளர்ப்பு வீட்டில் அடித்துத் துன்புறுத்தப்பட்ட மேரி எலன் என்ற சிறுமியைக் காப்பாற்றும்படி 1874-இல் முறையிட்டார்கள். முறையிடுவதற்குக் குழந்தைகளுக்கென்று அப்போது வேறு அமைப்பு இல்லை. அவ்வழக்கைத் தொடர்ந்தே குழந்தை வதைத் தடுப்புச் சங்கம் அந்நகரில் தோன்றியது. இங்கிலாந்திலும் மிருகங்களுக்கான சங்கம் 1824-இலும், லண்டனில் குழந்தைகளுக்கான சங்கம் 1884-இலும் அமைந்தன. பேச முடியாத விலங்கின் துன்பம் தெருவில் எல்லார் கண்ணிலும் பட்டது. பேசத் தெரிந்த பிள்ளையின் துன்பம் வீட்டுக்குள்ளும் தொழிற்கூடத்துக்குள்ளும் இருந்ததால் அதைப் பார்க்கச் சமூகத்துக்கு இன்னொரு தலைமுறை தேவைப்பட்டது.

பாலாற்றுப் பகுதியில் அந்தத் தொழிற்கூடம் பெரும்பாலும் பீடிக் கொட்டகை. ஜே. எச். விட்லி தலைமையில் 1929-இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் அரச ஆணையம் 1931-இல் அளித்த அறிக்கையில், சென்னை மாகாணத்தின் பீடிக் கூடங்கள் உள்ளிட்ட சிறு தொழிலிடங்களில் ஐந்து வயதுப் பிள்ளைகள்கூட நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்ததையும், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பு அடகு வைக்கப்பட்டதையும் பதிவு செய்தது. பீடியில் பிள்ளைகளுக்கென்றே ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருந்தது: பெரியவர் இலையை வெட்டித் தூளை வைத்துச் சுற்றி, நூல் கட்டித் தர, அதன் திறந்த முனையை நகத்தாலும் சிறு குச்சியாலும் உள்ளே மடித்து மூடுவது சின்ன விரல்களின் பொறுப்பு. சுற்றுபவர் கேட்ட வேகத்துக்கு மடித்துத் தர முடியாத பிள்ளை அடி வாங்கியது; அடித்தவரைத் தட்டிக் கேட்க வேண்டிய தந்தையோ அவரிடம் கடன்பட்டவர்.

ஆணையத்தின் பரிந்துரையால் 1933-இல் வந்த சிறுவர் உழைப்பு அடகுச் சட்டம், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பைப் பணத்துக்கு ஈடாக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கி, அவ்வாறு எழுதிக்கொடுக்கும் பெற்றோருக்கு ஐம்பது ரூபாய் வரையும், எழுதி வாங்குபவருக்கும் அறிந்தே அப்பிள்ளையை வேலைக்கு வைப்பவருக்கும் இருநூறு ரூபாய் வரையும் அபராதம் விதித்தது. பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைக்கும் செயலையே சட்டம் நேருக்கு நேர் பார்த்த ஆரம்ப காலத் தருணங்களில் இது ஒன்று என்பதால் இச்சட்டத்துக்கு வரலாற்றில் தனி இடம் உண்டு. ஆயினும் அது பார்த்தது தாளையும் பணத்தையும்தான். ஒப்பந்தம் வாய்மொழியாக மாறியதும், முன்பணம் கைமாற்று என்ற பெயரைப் பூண்டதும், சட்டத்தின் பிடி நழுவிற்று. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும், 1996-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட இந்தியக் கொத்தடிமைச் சிறார் பற்றிய அறிக்கை வட ஆர்க்காட்டின் பீடித் தொழிலை விரிவாக எழுத வேண்டியிருந்தது. அறுபத்தைந்து ஆண்டுக்கால இடைவெளியில் இரண்டு அறிக்கைகள் ஏறத்தாழ ஒரே காட்சியை விவரிக்கின்றன என்பது, தாளில் உள்ள தடை ஆளைத் தொடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போதுமான சான்று.

ஆளை விசாரிக்கும் வேலையை ஆங்கில அரசு அறவே செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-இன் புதிய சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப்பரம்பரைச் சட்டம், குறிப்பிட்ட சமூகங்களில் பிறந்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை எடுத்து, ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு கேட்டது. இந்நாட்டு மக்களில் பலருக்குக் காவல் நிலையப் பதிவேடு என்றால் முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கொடுமைதான். சென்னை மாகாணம் 1947-இல் இச்சட்டத்தை நீக்கிற்று என்றாலும் அதன் நிழல் உடனே அகலவில்லை. ஒருவர் செய்த செயலைப் பதிவு செய்வதும் ஒருவர் பிறந்த குலத்தைப் பதிவு செய்வதும் அடிப்படையிலேயே வேறு வேறு. இன்று பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஒருவரின் முன்வரலாறு விசாரிக்கப்படும்போது, அது ஏழை வண்டிக்காரரையும் வெளிமாநிலத் தொழிலாளியையும் மட்டும் துளைத்தெடுத்து, கோட்டு அணிந்த பயிற்சியாளரைக் கைகூப்பி உள்ளே விடுமானால், பழைய தவறே புதிய பெயரில் திரும்பியதாக ஆகும்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பத்தைக் கொணர்ந்தது. அதன் 48-ஆம் பிரிவு, ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காப்பக அறை அமைக்கச் சொன்னதோடு, அவ்வறை குழந்தை பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. அறையின் வெளிச்சம், காற்றோட்டம், தூய்மை ஆகியவற்றோடு அங்கே இருக்கும் ஆளின் தகுதியும் சட்ட வாசகத்துக்குள் வந்துவிட்டது. 1976-இல் பெண்களின் எண்ணிக்கை வரம்பு முப்பதாகக் குறைக்கப்பட்டது. அக்காலம்தான் தோல் ஊர்களின் தொழிலே உருமாறிய காலமும் ஆகும்: பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை, சீதாராமையா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து மத்திய அரசு 1970களின் தொடக்கத்தில் கட்டுப்படுத்தவே, ஆவாரம்பட்டைத் தொட்டிகளில் ஆண்கள் கால் நனைத்து உழைத்த தொழில், மெல்ல மெல்லக் காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பெண்களின் தொழிலாக விரிந்தது. பள்ளிகொண்டாவைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்தில் ஏறும் பெண்கள் இந்த மாற்றத்தின் பிள்ளைகள். அவர்களுடைய கைக்குழந்தைகளே காப்பகத்தின் பிள்ளைகள். தொடக்கத்தில் காப்பக ஆயாவை நியமித்தது பழைய முறையில்தான், தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவராக. 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும் தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்றும் ஆனது. அதற்காக 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் காப்பகப் பணியாளர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும் என்றன. பயிற்சி உண்டா என்ற 1948-இன் கேள்வி, முன்வரலாறு என்ன என்ற கேள்வியாக நீள்வதற்கு எழுபது ஆண்டுகள் ஆயின.

ஜட்காவின் வாரிசுகளான பள்ளி வாகனங்களின் கதை வேறு பாதையில் சென்றது. டெல்லியின் பள்ளிப் பேருந்துகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1997-இன் இறுதியில் எம். சி. மேத்தா வழக்கில் பிறப்பித்த ஆணை, ஓட்டுநருக்கு ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்றும், மிதமிஞ்சிய வேகத்துக்கோ குடிபோதையில் ஓட்டியதற்கோ ஒருமுறை குற்றம் சாட்டப்பட்டவரைக்கூட வைக்கக் கூடாது என்றும் சொன்னது. தமிழகத்தில் 2012 ஜூலையில், தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பின், பள்ளிப் பேருந்துகளுக்கான தனி விதிகள் அவ்வாண்டே வெளிவந்தன. தளம், அவசர வழி, உதவியாளர், கூட்டாய்வு என்று அவை விரிவானவை. விபத்தின் கோணத்திலிருந்தே இவை எழுதப்பட்டதால், சாலையில் ஓட்டுநர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் கவனம் குவிந்தது.

பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்ற கோணம் தெளிவாக உருப்பெற்ற இடங்களுள் குதிரையேற்றப் போட்டிக் களமும் ஒன்று என்பது, ஜட்காவில் தொடங்கிய வரலாற்றைப் பின்தொடர்பவருக்குக் கவனிக்கத் தக்கது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குதிரையேற்றம் சிறுவயதிலேயே தொடங்கும் விளையாட்டு. அங்கே பயிற்சியாளர், குதிரை பராமரிப்பவர், லாடம் அடிப்பவர், கால்நடை மருத்துவர், நடுவர் என்று பெரியவர்கள் பலர் பிள்ளைகளோடு நாள்முழுதும் லாயங்களில் இருப்பார்கள், போட்டிக்காக வெளியூர் சென்று தங்குவார்கள். பயிற்சியாளரின் ஒரு சொல்லில் பிள்ளையின் எதிர்காலம் தொங்குவதால், அவருக்கெதிராக வாய் திறப்பது அரிது. ஜிம்னாஸ்டிக்ஸ் மருத்துவர் ஒருவரின் குற்றங்கள் வெளிப்பட்டு அமெரிக்கா அதிர்ந்த பின், 2017-இல் பாதுகாப்பான விளையாட்டுக்கான தனி மையம் டென்வர் நகரில் செயல்படத் தொடங்கி, 2018 பிப்ரவரியில் அதற்குச் சட்ட வலிமையும் கிடைத்தது. அந்நாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, போட்டியிடும் பதினெட்டு வயது நிறைந்த உறுப்பினர் அனைவருக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியை 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டாயமாக்கியது. பழைய குற்றம் உண்டா என்று பார்க்கும் சோதனையோடு நில்லாமல், பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் தனித்திருக்க நேர்ந்தால் அது பிறர் பார்க்கவும் இடையில் நுழையவும் கூடிய இடமாக இருக்க வேண்டும் என்ற விதி அங்கே வகுக்கப்பட்டது. அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவை ஒட்டிய குதிரைச் சந்தையில் குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகள் கூடும் தமிழகத்தில், குதிரையின் சுழி பார்க்கப்படுகிறது, பல் பார்க்கப்படுகிறது; பிள்ளையைக் குதிரை மேல் தூக்கி வைக்கும் கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சோதனையின் எல்லையை உணர்த்தியது பிரிட்டன். பிள்ளைகளிடம் நெருங்கத் தகாதவர் என்று விலக்கப்பட்ட ஆசிரியர்களின் பட்டியல் ஒன்றை அங்குள்ள கல்வித் துறை 1920களிலிருந்தே வைத்திருந்தது. இருந்தும் 2002-இல் சோஹம் என்ற சிற்றூரில் பள்ளிப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர் இரண்டு சிறுமியரைக் கொன்றபோது, அவர் மீது வேறொரு மாவட்டக் காவல்துறைக்கு முன்பே பல புகார்கள் வந்திருந்ததும், அத்தகவல் அவரை வேலைக்கு எடுத்த பள்ளியைச் சென்றடையாததும் தெரியவந்தன. 2004-இல் வெளியான பிச்சர்ட் விசாரணை அறிக்கை இந்தத் தகவல் முறிவைத்தான் குற்றத்தின் வாசல் என்று காட்டியது.

இந்தியாவில் 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், கல்வி நிறுவனத்திலோ காப்பகத்திலோ பொறுப்பில் இருப்பவர் செய்யும் குற்றத்தைக் கடுமையாக்கிற்று. குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காத எவருக்கும் ஆறு மாதம் வரையும், நிறுவனத்தின் தலைமையில் இருப்பவருக்கு ஓராண்டு வரையும் சிறை உண்டு என்றது. மானத்துக்காக அமுக்கிவிடும் பழைய ஊர் வழக்கத்தின் வேரில் விழுந்த அடி இது. 2014-இல் பொள்ளாச்சி விடுதி ஒன்றில் சிறுமியருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் தமிழக அரசு பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு ஆட்சியரின் உரிமத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தை இயற்றியது. 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. அதைக் காவல்துறை போன்ற புலனாய்வு அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம் என்பதால், ஒரு பள்ளியோ காப்பகமோ காவல்துறை வழியாகவே உண்மையை அறிய முடியும். 2020 மார்ச்சில் வெளியான போக்சோ விதிகள், பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சியகம் உள்ளிட்டு, பிள்ளைகளோடு தொடர்ந்து தொடர்பு கொள்ளும் எந்த நிறுவனமும், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடின்றித் தன் பணியாளர் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் காவல்துறைச் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்று விதித்தன. ஷூ கம்பெனிக் காப்பகத்தின் ஆயாவும் குதிரையேற்றப் பள்ளியின் பயிற்சியாளரும் ஒரே வாசகத்தின் கீழ் வந்தது இங்கேதான்.

அந்த விதி வந்து நான்காண்டுகளுக்குப் பின், 2024 ஆகஸ்டில், வாணியம்பாடிக்கு மேற்கே இதே நெடுஞ்சாலையில் உள்ள பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்த முகாம் போலியானது என்பதும், அதை நடத்தியவருக்கும் தேசிய மாணவர் படைக்கும் எத்தொடர்பும் இல்லை என்பதும், பள்ளியிலேயே தங்கவைக்கப்பட்ட சிறுமியர் அங்கே பாலியல் கொடுமைக்கு ஆளாயினர் என்பதும் வெளிவந்தன. சீருடையும் தோரணையும் பார்த்துப் பள்ளி அவரை நம்பியது. எளிதாகச் செய்திருக்கக்கூடிய விசாரிப்பு செய்யப்படவில்லை. பின்பு புகார் எழுந்தபோது அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மறைக்க முயன்றதாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதாயினர். மாநில அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, இத்தகைய நிகழ்வுகளைத் தடுக்கும் வழிகளை ஆராயப் பல்துறைக் குழு ஒன்றையும் நியமித்தது. முகாம் நடத்த வந்தவர் பள்ளியின் பணியாளர் அல்லர். ஊதியப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. விதியின் வாசகம் நிறுவனத்தின் பணியாளரைச் சுட்டியது. ஆபத்தோ சில நாட்களுக்கு மட்டும் வந்துபோகும் விருந்தினர் வடிவில் நுழைந்தது.

இன்றைய காவல்துறைச் சரிபார்ப்பு ஒருவரின் மீது பதிவான வழக்குகளைக் காட்டும்; பதிவாகாத புகார்களையோ ஊரறிந்த முணுமுணுப்புகளையோ அது காட்டாது. பழைய ஊர் விசாரிப்புக்கு இந்த முணுமுணுப்புகள் எட்டின, ஆனால் அதற்கு அதிகாரமும் நினைவும் இல்லை. புதிய சான்றிதழுக்கு அதிகாரம் உண்டு, காது இல்லை. ஆகவே இரண்டும் சேர்ந்தே இயங்க வேண்டியிருக்கிறது: முன்பு பணிபுரிந்த நிறுவனத்தை நேரில் தொடர்புகொண்டு ஏன் விலகினார் என்று கேட்பதும், பிள்ளையோடு எவரும் மூடிய கதவுக்குள் தனித்திராதபடி இடத்தை அமைப்பதும், பிள்ளை சொன்னதை முதலில் கேட்கும் ஆளைப் பள்ளியிலும் காப்பகத்திலும் பெயர் சொல்லி நியமிப்பதும், 1098 என்ற உதவி எண்ணைப் பிள்ளைகளே அறிந்திருக்கச் செய்வதும் அவற்றுள் அடங்கும். ஆம்பூர், பள்ளிகொண்டா தெருக்களில் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை அடைத்துச் செல்லும் ஆட்டோக்களுக்கும் தனியார் வேன்களுக்கும் உரிமையாளரே ஓட்டுநர் என்பதாலும், அவர்களோடு பேசி வைப்பது பள்ளியன்றிப் பெற்றோரே என்பதாலும், 2020-இன் விதி அவர்களிடம் நேராகச் சென்று சேர்வதில்லை. அங்கே நடக்கும் விசாரிப்பு இன்றும் எந்தத் தெரு, யார் சொல்லி வந்தார் என்ற கேள்விகளோடு நின்றுவிடுகிறது. அவர்களையும் பள்ளியின் பொறுப்புக்குள் கொண்டுவந்து சரிபார்ப்புக்கு உட்படுத்தும் கடமையை விதியில் தெளிவாக எழுதிச் சேர்ப்பது அரசு இனிச் செய்ய வேண்டிய வேலை.